எஞ்சின் நின்றது, அழுத்தம் நின்றதா?

"டணார்!" என்று சுத்தியல் விழுந்தது. "சுர்ர்!" என்று எண்ணெய் பீறிட்டது. "ஐயோ!" என்று அலறியபடி ஒரு பையன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

இது ஏதோ குக்கிராமத்தில் நடந்ததல்ல. மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில் நடந்தது. நான் கண்ணால் கண்டது.

அங்கே ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அடுக்கு மாடி வீடு வரப்போகிறது. இடித்த செங்கல்லையும் சுண்ணாம்பையும் அள்ளிப் போக ஒரு டிரெய்லர் வந்தது. காலையில் அதை வாசலில் விட்டுவிட்டு, டிராக்டர் வேறு வேலைக்குப் போய்விட்டது. நல்ல வெயில். உச்சி வேளையில் டிராக்டர் திரும்பி வந்தது. டிரெய்லரை மாட்டினார்கள். அடுத்தது எண்ணெய்க் குழாயை மாட்ட வேண்டும். ஹோஸ் என்கிறார்களே, அதுதான். அதை மாட்டினால்தான் டிரெய்லரின் தொட்டி சாய்ந்து கொட்டும்.

பையன் குழாயின் முனையைக் கப்ளிங்கில் வைத்து அழுத்தினான். போகவில்லை. முழங்காலை ஊன்றி அழுத்தினான். அப்போதும் போகவில்லை.

"என்னடா விளையாடறே? நேரமாகுது. ஒரு தட்டுத் தட்டு!" என்றார் டிரைவர்.

"சரி அண்ணே" என்றான் பையன். குழாயின் முனையைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தான். பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

நல்ல வேளை! எண்ணெய் கன்னத்தில் அடித்தது. இரண்டு விரற்கடை மேலே போயிருந்தால் கண் போயிருக்கும்.

பாட்டி கேட்ட கேள்வி

கூட்டம் கூடியது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "எஞ்சினை அணைத்துவிட்டுத்தானே சார் மாட்டினோம்? எப்படி எண்ணெய் பீறிட்டது?" என்று டிரைவரே திகைத்து நின்றார்.

எதிர் வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். பையனுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். பிறகு டிரைவரைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்பா, அடுப்பை அணைச்சவுடனே யாராவது குக்கரைத் திறப்பாங்களா? ஆவி அடங்க வேண்டாமா?"

பாட்டி டிராக்டர் ஓட்டியவர் அல்ல. ஆனால் விஷயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

அடுப்பு அணைந்தாலும் குக்கருக்குள் அழுத்தம் இருக்கும். அதுபோல, எஞ்சின் நின்றாலும் எண்ணெய்க் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். இது கண்ணுக்குத் தெரியாது. குக்கராவது விசில் அடித்து எச்சரிக்கும். எண்ணெய்க் குழாய் எச்சரிக்காது.

குக்கரைவிட நூற்றைம்பது மடங்கு!

வீட்டுக் குக்கருக்குள் இருக்கும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. கார் டயரில் சுமார் 2 கிலோ. டிராக்டரின் எண்ணெய் அமைப்பிலோ 150 முதல் 200 கிலோ வரை போகும். மண் தோண்டும் பெரிய யந்திரங்களில் அதற்கும் மேலே!

குழாய் முனைக்குள் ஒரு சிறிய அடைப்பான் உண்டு. குழாயைக் கழற்றியதும் அது தானாக மூடிக்கொள்ளும். எண்ணெய் வெளியே சிந்தாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கழற்றும்போது உள்ளே அழுத்தம் இருந்தால், அந்த அழுத்தமும் சேர்ந்து உள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

மறுபடி மாட்ட வேண்டுமானால் அந்த அடைப்பானை உள்ளே தள்ள வேண்டும். அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 100 கிலோ அழுத்தம் இருந்தால், தள்ளுவதற்கு 100 கிலோ பலம் வேண்டும். ஒரு மூட்டை நெல்லைக் கட்டை விரலால் தூக்குவது போல! பையனால் எப்படி முடியும்? அவன் சோம்பேறியும் அல்ல, பலவீனனும் அல்ல. அவன் மல்லுக்கு நின்றது நூறு கிலோவோடு.

சரி, காலையில் கழற்றும்போது அழுத்தமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆபத்து உண்டா? உண்டு. அதற்கு வெயில் ஒன்றே போதும்! எண்ணெய் சூடானால் விரியும். குழாய் நிறைய எண்ணெய். இரு பக்கமும் அடைப்பு. விரிய இடம் இல்லை. அதனால் அழுத்தம் ஏறும். மயிலாப்பூர் வாசலில் காய்ந்த அந்த டிரெய்லருக்கு நேர்ந்தது இதுதான். சென்னை வெயிலைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமோ?

ஊசி குத்தியது போல ஒரு புள்ளி

முகத்தில் எண்ணெய் பட்டால் துடைத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஊசி முனையளவு ஓட்டை வழியாக எண்ணெய் பீறிடுவதுதான் அது.

150 கிலோ அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் சிறு ஓட்டை வழியாக வெளிவந்தால், கணக்குப்படி அதன் வேகம் மணிக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டும். குழாயில் சிக்கிய எண்ணெய் கொஞ்சம்தான். ஒரு கணத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு கணம் போதும். எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு விரலுக்குள் போய்விடும்.

வெளியே பார்த்தால் ஒரு சிறு புள்ளிதான் தெரியும். முள் குத்தியது போல இருக்கும். இரத்தம்கூட அதிகம் வராது. முதலில் வலியும் குறைவு. "ஒன்றும் இல்லை" என்று துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். உள்ளே போன எண்ணெயோ நரம்பையும் தசையையும் ஒட்டிப் பரவிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் விரல் வீங்கும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டிவரலாம்.

இது டாக்டர்களுக்குப் புதிய செய்தி அல்ல. 1937-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் டாக்டர் ரீஸ் என்பவர், டீசல் எஞ்சினில் அழுத்தத்தோடு பீறிட்ட எண்ணெய் கைக்குள் புகுந்த கதையை மருத்துவப் பத்திரிகையில் எழுதிவிட்டார். இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம்முடைய டிரெய்லர் பையனுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அதுதான் வேதனை.

அப்படி ஒருவருக்கு நேர்ந்தால் வீட்டு வைத்தியம் கூடாது. ஒத்தடம் கூடாது. தேய்த்துவிடக் கூடாது. பிளேடால் கீறவும் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில், "அழுத்தமுள்ள எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காயம் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட இடமுண்டு. சென்னையில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கை சிகிச்சைக்கென்றே பேர் பெற்ற தனிப் பிரிவு இருக்கிறது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்த பிரிவு அது. வேலை செய்து பிழைக்கும் எத்தனையோ பேரின் கைகளைக் காப்பாற்றிய இடம்.

சென்னையில் டிராக்டர் ஏது?

"இதெல்லாம் கிராமத்து விஷயம். எங்களுக்கு எதற்கு?" என்று தியாகராய நகர் வாசகர் கேட்கலாம்.

வாசலுக்கு வந்து பாருங்கள். இடித்த வீட்டின் கல்லை அள்ளுவது டிராக்டர். பெசன்ட் நகர் கடற்கரையில் மணலைச் சலித்துச் சுத்தம் செய்யும் யந்திரத்தை இழுப்பது டிராக்டர். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலைக்காக மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பனகல் பூங்காப் பக்கத்திலும் தோண்டினார்களே, அங்கே எத்தனை யந்திரங்கள்! குழந்தைகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்த ஜே.சி.பி.யும் டிராக்டருக்குச் சொந்தக்காரன்தான். மண் அள்ளும் வாளியைக் கழற்றிவிட்டுப் பாறை உடைக்கும் உளியை மாட்டுகிறார்களே, அங்கேயும் இதே எண்ணெய்க் குழாய், இதே ஆபத்து.

ஒரு வேடிக்கை கேளுங்கள். ஜே.சி.பி. என்பது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் சிரில் பாம்போர்டு என்ற ஆங்கிலேயர். 1945-ல் சிறிய வாடகைக் கொட்டகை ஒன்றில் தொழிலை ஆரம்பித்தார். அவர் முதலில் செய்தது மண் தோண்டும் யந்திரம் அல்ல. சாய்த்துக் கொட்டும் டிரெய்லர்தான்!

சென்னைக்கும் டிராக்டருக்கும் உள்ள உறவும் சின்ன உறவு அல்ல. 1960-ல் தொழிலதிபர் எஸ். அனந்தராமகிருஷ்ணன் இங்கே டாபே கம்பெனியைத் தொடங்கினார். மாஸி பெர்குசன் கம்பெனியின் ஒத்துழைப்போடு செம்பியத்தில் டிராக்டர் செய்தார்கள். தமிழ்நாட்டு வயல்களில் உழுத எத்தனையோ டிராக்டர்களுக்குச் சென்னைதான் பிறந்த ஊர்.

அந்தப் பெர்குசன் யார்? ஹாரி பெர்குசன், அயர்லாந்துக்காரர். அவர் காலத்தில் கலப்பை பாறையில் மாட்டினால் டிராக்டரே பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுகிறவரை நசுக்கிவிடும். மூன்று புள்ளிகளில் கலப்பையை இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் ஏற்பாட்டை அவர் செய்தார். கவிழும் ஆபத்து குறைந்தது. இன்று உலகமெங்கும் டிராக்டர்களின் பின்னால் இருப்பது அந்த ஏற்பாடுதான். மனித உயிரைக் காக்க உதவிய எண்ணெய் அழுத்தம், மனிதனின் விரலைப் பறிக்கலாமா?

ஒரு நிமிட வேலை

அழுத்தத்தை இறக்குவது பெரிய வித்தையா? இல்லை. ஒரு நிமிடம் போதும். யந்திரத்தோடு வரும் கைப்புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது: தூக்கியிருப்பதை எல்லாம் கீழே இறக்குங்கள். தொட்டியோ, வாளியோ, கலப்பையோ, தரையில் அல்லது அதன் இருப்பிடத்தில் முழுவதும் உட்கார வேண்டும். தூக்கி நிற்கும் தொட்டியின் குழாயில் ஒருபோதும் கை வைக்கக் கூடாது. ஜாக்கி இறங்கினால் தொட்டி தலையில் விழும்.

இரண்டாவது: கை பிரேக்கைப் போட்டு எஞ்சினை அணையுங்கள்.

மூன்றாவது: இதுதான் எல்லோரும் மறப்பது. எண்ணெயைத் திறந்துவிடும் லீவரை முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை முழுவதும் தள்ளி இழுங்கள். உள்ளே சிக்கிய அழுத்தம் தொட்டிக்குத் திரும்பிவிடும். சில புதிய யந்திரங்களில் சாவி "ஆன்" நிலையில் இருந்தால்தான் லீவர் வேலை செய்யும். எஞ்சின் ஓட வேண்டியதில்லை.

நாலாவது: முனைகளைத் துடைத்துவிட்டுக் குழாயைக் கழற்றுங்கள். கழற்றிய குழாயை நிழலில் படும்படி வையுங்கள்.

மாட்டும்போதும் இதேதான். முதலில் லீவரை ஆட்டி டிராக்டர் பக்கத்து அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு மாட்டுங்கள். கையால் தள்ளினால் "கிளிக்" என்று போய் உட்கார வேண்டும். போகவில்லை என்றால் டிரெய்லர் பக்கத்துக் குழாயில் அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அடிக்காதீர்கள். அடித்தால் எண்ணெயும் பீறிடும், முனையும் நசுங்கும். நிழலில் ஆறவிடுங்கள். அப்படியும் போகாவிட்டால் தொழில் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதற்கென்று கருவி இருக்கிறது. அவர் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்வார்.

எண்ணெய் எங்கே கசிகிறது என்று பார்க்க விரலால் தடவவே கூடாது. ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

குற்றவாளி யார்?

"எல்லாம் வேலைக்காரர்களின் அலட்சியம்" என்று சிலர் சொல்லுவார்கள். நான் ஒப்பமாட்டேன்.

அந்தப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? டிரைவர் சொல்லிக் கொடுத்தார். டிரைவருக்கு யார்? அவர் பையனாக இருந்தபோது இருந்த டிரைவர். சுத்தியல்தான் பாடம், சுத்தியல்தான் வாத்தியார். கைப்புத்தகம் எங்கே? முதலாளி வீட்டு அலமாரியில். டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் கொடுக்கும்போது சாலை விதி கேட்கிறார்கள். குழாயை எப்படிக் கழற்றுவது என்று கேட்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. யந்திரத்துக்கு மணிக் கணக்கில் வாடகை. மணி ஓடுகிறது, மேஸ்திரி கத்துகிறார், டிரைவர் அவசரப்படுகிறார். அந்த அவசரம் முழுவதும் கடைசியில் பையனின் விரல் நுனியில் வந்து நிற்கிறது. எண்ணெய்க்கு மேலே ஏறியிருக்கும் அழுத்தம் இது. முதலில் இதை இறக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஆறு தடவை குழாயை மாட்டிக் கழற்றினால் ஆறு நிமிடம். ஒரு டீ குடிக்கும் நேரம். ஒரு விரலின் விலை அதைவிடக் குறைவா?

குக்கருக்குச் சட்டம், குழாய்க்கு?

மயிலாப்பூருக்கு அடுத்த ஆழ்வார்பேட்டையில் டி.டி.கே. சாலை இருக்கிறது. டி.டி. கிருஷ்ணமாச்சாரி பெயரால் வந்த சாலை. அவர் தொடங்கிய குழுமத்தைச் சேர்ந்ததுதான் பிரெஸ்டீஜ் குக்கர். அந்தக் குக்கரை நம் பெண்கள் எவ்வளவு சர்வ சாதாரணமாகக் கையாளுகிறார்கள்! ஏன்? ஆபத்துக்கு வால்வு வைத்தார்கள். விளம்பரத்தில் சொன்னார்கள். அம்மா மகளுக்குச் சொன்னாள். 2020-ல் மத்திய சர்க்கார் உத்தரவே போட்டது: ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத வீட்டுக் குக்கரை விற்கக் கூடாது என்று.

1 கிலோ அழுத்தத்துக்கு இவ்வளவு ஜாக்கிரதை. 150 கிலோ அழுத்தத்துக்கு ஒரு சுத்தியல்! இது நியாயமா?

கதிரடிக்கும் யந்திரத்தில் கையைக் கொடுத்தவர்கள் அநேகர். அதன் பிறகுதான் 1983-ல் அபாயகரமான யந்திரங்கள் சட்டம் வந்தது. கை போன பிறகு சட்டம் வருவது நம் வழக்கம். இந்தத் தடவையாவது முந்திக்கொள்வோமே!

யார் என்ன செய்யலாம்?

டிராக்டர் விற்கிறவர்கள் கப்ளிங்குக்குப் பக்கத்தில் ஒரு சிறு தகடு ஒட்டலாம். தமிழில், படத்தோடு, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி: "இறக்கு, அணை, லீவரை ஆட்டு, பிறகு தொடு." எட்டுச் சொல்கூட இல்லை.

வேளாண்மைப் பொறியியல் துறையின் தலைமை அலுவலகம் நம் நந்தனத்தில்தான் இருக்கிறது. அந்தத் துறை உழவர்களுக்கு யந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. வாடகை யந்திரம் ஊர் ஊராய்ப் போகும். நாளுக்கு ஒரு கருவி மாட்டும். ஆகவே குழாயில் கை வைக்கும் வேளையும் அதிகம். யந்திரத்தோடு இந்த ஒரு நிமிடப் பாடத்தையும் சேர்த்து அனுப்பினால் புண்ணியமாகப் போகும். 2018-ல் வந்த உழவன் செயலியில் ஒரு சிறு படமாகவும் காட்டலாம்.

காண்டிராக்டர்கள் அந்த ஆறு நிமிடத்தை வேலை நேரமாகவே எண்ண வேண்டும். கண்ணாடி ஒன்று, கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, நாம். நம் வீட்டை இடிக்கிறோம். நம் மனையில் கட்டுகிறோம். அங்கே வேலை செய்கிற பையன் நமக்காகத்தான் செய்கிறான். ஒரு சொம்பு மோர் கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சொல்லலாமே: "அவசரம் வேண்டாம் தம்பி, லீவரை ஆட்டிவிட்டுக் குழாயைத் தொடு."

அன்று டிரைவர் என்ன செய்தார் தெரியுமா? பையனின் முகத்தைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். சுத்தியலை எடுத்துப் பெட்டியில் போட்டார். டிரெய்லரை மர நிழலுக்கு நகர்த்திவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். லீவரை நாலு தடவை ஆட்டினார். குழாயைத் தானே எடுத்து மாட்டினார்.

"கிளிக்!"

கை பலம் வேண்டியிருக்கவில்லை. சுத்தியலும் வேண்டியிருக்கவில்லை. பாட்டி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஆவி அடங்கிச்சா?" என்று கேட்டார்.

"அடங்கிச்சு பாட்டி" என்றான் பையன்.